சம்மனைத் திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடுமா?

கேள்வி (விழுப்புரம்): காலி மனை விஷயமாக எங்கள் பங்காளி முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். சம்மன் வந்தபோது அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இப்போது 'எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது' என்கிறார்கள். தோற்றுப்போய்விட்டோமா?

பதில்: சம்மனை வாங்காவிட்டால் வழக்கு நகராது என்ற நம்பிக்கை ஊர் ஊராக இருக்கிறது. நடப்பது வேறு. வாங்க மறுத்தால், கொண்டுவந்தவர் அதை வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு, வீட்டை அடையாளம் காட்டியவர் யார் என்பதையும் குறித்து கோர்ட்டில் அறிக்கை தருவார். பதிவுத் தபால் 'வாங்க மறுத்தார்' என்று திரும்பினாலும், சம்மன் சார்பு ஆனதாகவே, அதாவது உரியவரிடம் சேர்ந்ததாகவே, நீதிமன்றம் கொள்ளும். ஆக, மறுத்ததால் அப்பா இழந்தது ஒன்றுதான்: 'எனக்குச் சம்மனே வரவில்லை' என்று பிறகு சொல்லும் வாய்ப்பு.

சம்மன் சார்பான நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை (வழக்குக்குப் பிரதிவாதி தரும் எழுத்துப் பதில்) தாக்கல் செய்ய வேண்டும். காரணத்தைப் பதிவு செய்து 90 நாள் வரை நீதிபதி நீட்டிக்கலாம். சாதாரண உரிமையியல் வழக்கில் அதற்குப் பிறகும் அபூர்வமாக அனுமதி கிடைக்கும். அதை நம்பி வாய்தா வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. வணிக வழக்கில் 120 நாள் தாண்டினால் எதிருரை தரும் உரிமையே போய்விடும்.

ஒரு தரப்பு வராமலேயே வழக்கு நடப்பதுதான் 'எக்ஸ்பார்ட்டி'. இந்த ஒரே சொல்லில் இரண்டு நிலைகள் ஒளிந்திருக்கின்றன. உங்கள் வழக்கு எதில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு, ஒவ்வொரு வாய்தா தேதியிலும் என்ன நடந்தது என்று படிக்கலாம். பிரதிவாதி வரவில்லை, ஒருதலைப்பட்சமாக வைக்கப்பட்டார், வாதி சாட்சியத்துக்காக ஒத்திவைப்பு என்று இருந்தால் தீர்ப்பு இன்னும் வரவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 9 விதி 7-ன்படி மனுப் போட்டு உள்ளே வரலாம். தீர்ப்பாணையே (டிக்ரி) பிறந்துவிட்டதென்றால், அதை ரத்து செய்யக் கோரி ஆணை 9 விதி 13-ன்படி மனு. இதற்குக் கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சார்பாகாதவருக்குத்தான் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. மறுத்தவருக்குத் தீர்ப்பாணை தேதியிலிருந்தே ஓடும். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரி காலவரையறைச் சட்டம் பிரிவு 5-ன் கீழ் இன்னொரு மனுவும் சேர வேண்டும்.

இந்த மனுக்கள் விழுவது பெரும்பாலும் அபிடவிட்டில்தான் (மனுவோடு தரும் பிரமாணப் பத்திரம்). 'உடல்நலம் சரியில்லாததால் வர இயலவில்லை' என்று ஒற்றை வரி எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் சுலபமாக உடைப்பார். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன சிகிச்சை, அதற்கு என்ன சீட்டு என்று இருக்க வேண்டும். எதிருரையையும் தயார் செய்து மனுவோடு கொடுத்துவிடுங்கள். வழக்கை நடத்தத்தான் வந்திருக்கிறீர்கள் என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை. மனுவை அனுமதிக்கும்போது, இத்தனை ரூபாய் செலவுத்தொகையை இந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று நிபந்தனை வைப்பது வழக்கம். தேதி தவறினால் மனு தள்ளுபடி என்றும் அதே உத்தரவில் இருக்கக்கூடும். படித்துப் பார்க்காமல் 'அனுமதி கிடைத்துவிட்டது' என்று வீட்டுக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று: மனுப் போட்டதாலேயே தீர்ப்பாணை நிறைவேற்றம் நிற்காது. எதிர்த்தரப்பு நிறைவேற்று மனு போட்டிருந்தால், அதை நிறுத்தத் தனியாகத் தடை கேட்க வேண்டும்.

கேள்வி (தேனி): தீர்ப்பு நகல் கேட்டால், 'டிக்ரிக்கும் சேர்த்துக் காப்பி அப்ளிகேஷன் போடுங்கள்' என்கிறார் வக்கீல் குமாஸ்தா. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: குமாஸ்தா சொன்னதே சரி. நீதிபதி காரணங்களை விளக்கி எழுதுவது தீர்ப்பு. அதன் முடிவை மட்டும், தரப்பினர் பெயர், சொத்து விவரம், கிடைத்த பரிகாரம், செலவுத்தொகைப் பட்டியலோடு எழுதுவது தீர்ப்பாணை, அதாவது டிக்ரி. மேல்முறையீடு தீர்ப்பாணையின் மீதுதான். மாவட்ட அளவிலான நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள்.

நகல் பெற ஆகும் நாள்கள் இந்தக் கெடுவில் கழியும். ஜூன் 10-ல் தீர்ப்பு, 14-ல் காப்பி மனு, ஜூலை 3-ல் நகல் தயார் என்றால் 20 நாள் கழிந்து, ஜூலை 10-ல் முடியவேண்டிய கெடு 30-க்குப் போகும். ஆனால் நகலில் உள்ள முத்திரையைப் பாருங்கள்: மனு செய்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள் எல்லாம் வரிசையாக இருக்கும். கட்டணம் கேட்ட பிறகு நீங்கள் தூங்கிய நாள்களும், தயாரான நகலை வாங்காமல் விட்ட நாள்களும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

நகல் கைக்கு வந்ததும் சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் ஒத்துப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 152-ன் கீழ் அதே நீதிமன்றத்தில் திருத்தம் கேட்கலாம்.

கேள்வி (காரைக்குடி): ஸ்டே, இன்ஜங்ஷன் என்ன வித்தியாசம்?

பதில்: பத்திரிகைகள் இரண்டையும் 'தடை' என்றே எழுதுவதால் வரும் குழப்பம் இது. ஸ்டே ஒரு உத்தரவையோ நீதிமன்ற நடவடிக்கையையோ நிறுத்திவைப்பது. இன்ஜங்ஷன் ஆளைக் கட்டுப்படுத்துவது; 'அந்த வேலியைப் பிடுங்காதே' என்பது போல. கோர்ட் தமிழில் உறுத்துக்கட்டளை.

எதிராளியைக் கேட்காமலேயே இடைக்கால உறுத்துக்கட்டளை வாங்கியவர், மனு, அபிடவிட், வழக்குரை, ஆவண நகல்களை அன்றோ மறுநாளோ அவருக்கு அனுப்பி, அனுப்பியதாக அபிடவிட்டும் போட வேண்டும். இதைக் கோட்டைவிட்டால், உத்தரவை ரத்து செய்யக் கேட்க எதிராளிக்கு நல்ல பிடி கிடைத்துவிடும். மீறுபவருக்கு சொத்து ஜப்தியும், 3 மாதம் வரை சிவில் சிறையும் உண்டு. இப்படி ஒரு வழக்கு உங்கள்மேல் வரும் என்று முன்பே தெரிந்தால் கேவியட் ('என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று முன்கூட்டியே தரும் மனு) போட்டு வையுங்கள். அது 90 நாள் செல்லும். பிறகு புதிதாகப் போட வேண்டும்.

கேள்வி (ஓசூர்): குற்ற வழக்கில் 'விடுவிப்பு' என்றால் விடுதலைதானே?

பதில்: இல்லை. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனையும் (முறைப்படி சுமத்தும்) முன்பே, விசாரிக்க முகாந்திரம் இல்லை என்று அனுப்புவது விடுவிப்பு. புது ஆதாரம் கிடைத்தால் அவரை மறுபடி சேர்க்க வழியுண்டு. விசாரணை முடிந்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்வது விடுதலை. மேல்முறையீடு வரலாம், ஆனால் அதே குற்றத்துக்குப் புதிதாக வழக்கு நடத்த முடியாது. ஜாமீன் இந்த இரண்டிலும் சேராது.