அத்திப்பழத்துக்குள் பூச்சி: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் வாய்க்கால் கரையில் பெரிய நாட்டு அத்தி ஒன்று நிற்கிறது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. பழத்தைப் பிட்டால் உள்ளே பூச்சி. என்ன மருந்து அடிக்கலாம்? விற்க வழியுண்டா?
– ஒரு விவசாயி, தேனி மாவட்டம்

பதில்: மருந்தே வேண்டாம் ஐயா. அது அத்திக்கென்றே உள்ள சிறு குளவி. அத்திப்பூ காய்க்குள்ளேயே இருக்கிறது. பிஞ்சின் நுனித் துளை வழியாகப் பெண் குளவி உள்ளே போய் மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே செத்துவிடும். அதன் குஞ்சுகள் வளர்ந்ததும் இறகில்லாத ஆண்கள் காயைக் குடைந்து வழி போட, பெண்கள் மகரந்தத்தோடு பறந்துபோகும். அப்புறம்தான் காய் பழுக்கும். குளவி வராத பிஞ்சு பெரும்பாலும் உதிர்ந்துபோகும். நீங்கள் அடிக்கிற மருந்து காய்க்குள் எட்டாது. கீழே விழும் பழத்தைத் தின்னும் ஆடு மாட்டுக்குத்தான் கேடு.

என்னைக் கேட்டால் பழத்தை விடக் காயை நம்புங்கள். கோலிக்குண்டு அளவில், பச்சையாக, கெட்டியாக இருக்கும்போதே பறித்துவிட வேண்டும். பால் பிசுபிசுக்கும் என்பதால் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போடுங்கள். இல்லாவிட்டால் கறுத்துவிடும், துவர்ப்பும் போகாது. உள்ளே பூச்சி தெரியும் காயை ஒதுக்கிவிடுங்கள். மஞ்சள்தூள், உப்பு சேர்த்து வேகவைத்துத் தண்ணீரை வடித்து, பாசிப்பருப்பு, தேங்காயோடு கூட்டு வைத்தால் அருமையாக இருக்கும். மிஞ்சிய காயை லேசாகத் தட்டி, உப்பு மோரில் ஊறவைத்துக் காயவைத்தால் வற்றல்.

பழம் வேண்டுமென்றால் சிவந்ததும் பறித்து, இரண்டாகப் பிளந்து, உதறிவிட்டு வெயிலில் வையுங்கள். பூச்சி பெரும்பாலும் வெளியேறிவிடும். எறும்பு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனையில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். கடையில் மாலையாகக் கோத்து விற்கும் உலர்பழம் சீமை அத்தி. அது வேறு மரம், சதைப்பற்றும் அதிகம். நாட்டு அத்திக்கு அந்த விலை கிடைக்காது. பக்கத்துச் சந்தையில் பச்சைக் காயைக் கொஞ்சமாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். வற்றல் கெடாது என்பதால் அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை.

பறிக்கும்போது துரட்டியால் இழுத்துக் கொத்தின் அடிமுண்டை முறித்துவிடாதீர்கள். அடுத்த காய்ப்பும் அங்கிருந்துதான் வரும். கோடையில் தழையை அளவாக வெட்டி ஆட்டுக்குப் போடலாம். இன்னொரு மரம் வேண்டுமானால் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டி ஈரமான கரையில் நடுங்கள், வீட்டுச் சுவரையும் கிணற்றையும் விட்டுத் தள்ளியே.