கை சூடு, கால் ஜில்

கேள்வி: மருமகளுக்குக் குடியாத்தத்தில் பிரசவம் ஆனது. மறுநாள் நர்ஸம்மா பேரனின் வலது கையிலும் காலிலும் சிவப்பு விளக்கு எரிகிற பட்டையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டிலும் 93. ஒரு மணி நேரம் கழித்துக் கையில் 97, காலில் 96. 'சரியாகிவிட்டது' என்று மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இதயத்தில் ஏதாவது இருக்குமா டாக்டர்?
– ஒரு பாட்டி, குடியாத்தம்

பதில்: பேரன் இந்தப் பரிசோதனையில் தேறிவிட்டான் அம்மா. அந்தப் பட்டை காட்டுவது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதை. 95-க்குக் குறையாமல், கைக்கும் காலுக்கும் வித்தியாசம் 3-க்கு மேல் போகாமல் இருந்தால் போதும். 90-க்குக் கீழே இறங்கியிருந்தால் மறுபடி பார்க்கக் காத்திருக்காமல் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திருப்பார்கள்.

ஆனால் உங்கள் மனசு கேட்காததும் நியாயம்தான். வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் வேலை செய்வதில்லை. அதனால் ரத்தம் ஒரு சின்னக் குழாய் வழியாகச் சுற்றிப் போகும். பிறந்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். சில இதயக் கோளாறுகளில் அந்தக் குழாயை நம்பித்தான் உயிரே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நன்றாக இருந்த குழந்தை வீட்டில் துவண்டுபோவது அதனால்தான். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தநாளமான மகாதமனி குறுகியிருந்தால், அது இந்தப் பட்டைக்குத் தப்பியும் விடலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒடுகத்தூர் பக்கமிருந்து ஒரு பெண் குழந்தை வந்தது. பிறந்து ஆறு நாள். பரிசோதனையில் தேறி வீட்டுக்குப் போன குழந்தைதான். "கை சூடா கீது, கால் மட்டும் ஜில்லுனு கீது டாக்டரம்மா" என்றாள் அம்மா. தொடை இடுக்கில் விரல் வைத்தேன், நாடியே இல்லை. மகாதமனி குறுகல்தான். புரோஸ்டாகிளான்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினோம். மூடிய அந்தச் சின்னக் குழாயைத் திறக்கிற மருந்து அது. சில மணி நேரத்தில் பாதம் வெதுவெதுப்பானது. அப்புறம்தான் அறுவை சிகிச்சை. அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, இரண்டு வாய் குடித்துவிட்டுக் களைத்து விட்டுவிடுகிறானா, தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். முதல் ஓரிரு நாள் கை கால் மட்டும் நீலமாக இருந்தால் பயமில்லை. நாக்கு நீலமானால் ஆபத்து. அப்படி எதையாவது பார்த்தால் மாந்தம் என்று உரைமருந்து கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையும் இருக்கிறது.

ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே குழந்தை டாக்டரிடம் காட்டி, தொடை நாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை.