ஆய்வேட்டை யாரிடம் கொடுப்பது? – கடிதம்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நெல்லை மாவட்டம் முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி மானிடவியலில் முனைவர் பட்டம் முடித்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வு முடிந்த பத்தாம் நாள் ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல். ஆய்வேட்டை அப்படியே புத்தகமாகப் போடுகிறார்களாம், ஐஎஸ்பிஎன் என்கிற நூல் எண்ணும் உண்டாம், செலவுக்குக் கொஞ்சம் பணம் கேட்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்க நூல் இருந்தால் நல்லது என்கிறார்கள் எல்லோரும். கொடுக்கலாமா? ஆய்வேட்டை இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

கொடுக்காதீர்கள்.

ஐஎஸ்பிஎன் தரச்சான்று இல்லை, வெறும் எண். நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. சமையல் குறிப்புக்கும் உண்டு, சோதிடத்துக்கும் உண்டு. உங்கள் ஆய்வேடு எப்படியும் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் ஏறிவிடும், யாரும் சும்மா எடுத்து வாசிக்கலாம். அதையே அட்டை மாற்றி விற்பவருக்கு நீங்கள் எதற்குப் பணம் தர வேண்டும்? (நானும் ஒருகாலத்தில் கொடுத்தவன்தான். யாரென்று வேண்டாம். பத்துப் பிரதி வந்தது. ஒன்பது இன்னும் பரணில் கிடக்கிறது.)

முறையான பல்கலைக்கழகப் பதிப்பகம் முதலில் நூல் திட்டமும் ஓரிரு அத்தியாயங்களும் கேட்கும். துறை அறிந்த இரண்டு பேருக்கு அனுப்பும். அவர்கள் கிழித்துத் தொங்கவிடுவார்கள், நீங்கள் திருத்த வேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கும். நெல்லைக் கிராமம் ஒன்றின் சாமிகளையும் சாதியையும் எழுதிய அமெரிக்க மானிடவியலாளர் டயான் மைன்ஸ் 1980களின் கடைசியில் இங்கே தங்கியவர். புத்தகம் வந்தது 2005ல்.

இன்னொன்று. ஆய்வேடு தேர்வாளருக்கு எழுதுவது. உங்களுடையதில் முதல் நான்கு அத்தியாயமும் கோட்பாட்டாளர்கள்தான் பேசுகிறார்கள். ஐந்தாவதில்தான் பீடி சுற்றும் அந்த அம்மா வருகிறார். மடியில் தட்டு, ஈர இலையை வெட்டி, தூள் வைத்து, உருட்டி நூல் கட்டுகிற கை தன்பாட்டுக்கு ஓட, கண் டிவியில், வாய் உங்களோடு. கடையில் கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாரே, புத்தகம் அங்கே தொடங்க வேண்டும்.

நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை 1969ல் பாளையங்கோட்டையில் ‘ஆராய்ச்சி’ இதழைத் தொடங்கினார். அவர் நடத்திய நெல்லை ஆய்வுக் குழுவில் வாசித்து, கேள்வி கேட்டு அலசிய கட்டுரைகள் அதில் அச்சேறின. நீங்களும் ஐந்தாம் அத்தியாயத்தைத் தமிழில் எழுதி அந்த அம்மா வீட்டுத் திண்ணையில் வாசித்துக் காட்டுங்கள். கூலிக் கணக்கில் எங்கே தப்பு விட்டிருக்கிறீர்கள் என்று அவரே சொல்லிவிடுவார். பிறகு பதிப்பகத்துக்கு எழுதலாம்.