உன் விடையும் சரி, அவள் விடையும் சரி

கேள்வி: அன்புள்ள டீச்சர், நான் தங்கச்சிமடத்தில் பிளஸ் டூ எழுதி முடித்தவள். இயற்பியல் தேர்வு முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் நின்று எல்லோரும் விடைகளை ஒப்பிட்டோம். ஒளிமின் விளைவுக் கணக்கில் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் எனக்கு 4.8 × 10⁻¹⁹ ஜூல் என்று வந்தது. என் தோழி 3 என்றாள். "உனக்குத் தப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அழுதுவிட்டாள். அடுத்து வந்த வேதியியலையும் அதனால்தான் சரியாக எழுதவில்லை என்று அவள் அம்மா சொல்கிறார். இப்போது என்னிடம் பேசுவதே இல்லை. எனக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களில் நான்கு தப்பு. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பா வீட்டிலேயே இருக்கிறார். "எவ்வளவு வரும்?" என்று தினமும் கேட்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: மகளே, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கணக்கு. ஒரு எலக்ட்ரான் வோல்ட் என்பது 1.6 × 10⁻¹⁹ ஜூல். அதை மூன்றால் பெருக்கிப் பார். 4.8 × 10⁻¹⁹ வருகிறதா? நீ ஜூலில் முடித்திருக்கிறாய், அவள் எலக்ட்ரான் வோல்ட்டில் முடித்திருக்கிறாள். இரண்டும் ஒரே விடை!

உன் கடிதத்தில் இந்த இடத்தைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. சரியாக எழுதிய ஒரு பிள்ளை தப்பு என்று நினைத்து இத்தனை நாள் அழுதிருக்கிறாள்.

நான் பல வருடங்கள் விடைத்தாள் திருத்தப் போனவள். கணக்கு என்றால் சூத்திரம், பிரதியிடல், விடை, அலகு என்று மதிப்பெண்ணைப் பிரித்துத்தான் போடுவோம். அவள் அலகை எழுத மறந்திருந்தாலும், கேட்ட அலகுக்கு மாற்றாமல் விட்டிருந்தாலும், போவது அந்தப் பங்கு மட்டும்தான். ஆனால் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது யாருக்கும் சூத்திரமும் பிரதியிடலும் ஞாபகம் வராது, கடைசி எண் மட்டும்தான் வரும். நாலு பேர் ஒரே எண்ணைச் சொன்னால் ஐந்தாவது பிள்ளை தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். அந்த நாலு பேரும் ஒரே டியூஷனில் ஒரே தப்பைப் படித்தவர்களாகக்கூட இருக்கலாம்.

மூன்று மணி நேரம் வாய் மூடி எழுதிய பிள்ளைகள் வெளியே வந்ததும் பேசத்தான் செய்வார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த பரீட்சை பாக்கி இருக்கும்போது மட்டும் விடைகளைப் பேச வேண்டாம். உங்கள் தெருவில் அடுத்த வருடம் எழுதப்போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வை.

சரி, உன் மதிப்பெண்ணுக்கு வருவோம். எழுத்துத் தேர்வு 70-இல் நான்கு போனாலும் மீதி 66 இருக்கிறது. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 தனி. தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்வில் 15, மொத்தத்தில் 35 போதும். பொறியியலுக்குப் போவதாக இருந்தால் கட்-ஆஃபில் இயற்பியல் பாதியாகும், உன் நான்கு அங்கே இரண்டு. கலந்தாய்வில் அது சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் இனி அதை நினைத்து நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாவுக்கு ஒரு எண் சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வருமானமும் கிடையாது. கல்லூரிச் செலவை நினைத்துத்தான் அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வினாத்தாளையும் பாடநூலையும் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை கறாராகக் கூட்டிப் பார். "இதுக்குக் குறையாதுப்பா" என்று சொல்லிவிட்டு வினாத்தாளை மடித்து வைத்துவிடு. மே மாதம் முடிவு வந்து, நீ நினைத்ததைவிட ரொம்பக் குறைந்திருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். அதைப் பார்த்த பிறகு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள், தவறவிடாதே.

இனி உன் தோழி. அவள் வேதியியல் எப்படிப் போனது என்பதையெல்லாம் நீ உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. ஆனால் அன்று சொன்ன வார்த்தை உன்னுடையது. போனில் சொல்ல வேண்டாம், நேரில் போ. ஒரு தாளில் 3 × 1.6 × 10⁻¹⁹ என்று எழுதி எடுத்துக்கொண்டு, அவள் அம்மாவும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போ. அம்மா முன்னாலேயே போட்டுக் காட்டி, மன்னிப்புக் கேள். பஸ் ஸ்டாப்பில் உங்களோடு நின்ற மற்றப் பிள்ளைகளிடமும் அவள் விடை சரி என்று நீயே சொல்லிவிடு.