விளக்குக் கம்பமும் தெருக்கதவு இல்லாத கடையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குஸ்தாவ் கய்போட்டின் 'பாரிஸ் தெரு. மழைநாள்' (1877), எட்வர்ட் ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' (1942) என்ற இரண்டு ஓவியங்களையும் ஒப்பிட்டு எழுத முயன்றேன். 'நகரத்தின் தனிமை' என்ற ஒரே வரிதான் இரண்டுக்கும் வருகிறது. அதற்குமேல் நகரவில்லை. எங்கே தொடங்குவது?

ம.

அன்புள்ள ம.,

தனிமை என்பது கடைசியாக வந்துசேர வேண்டிய சொல். அங்கேயே தொடங்கியதால்தான் நின்றுவிட்டீர்கள். முகங்களைச் சற்று மறந்துவிட்டு, ஓவியர் உங்களை எங்கே நிற்கவைக்கிறார் என்று பாருங்கள்.

அதற்கு முன் அளவு. போன் திரையில் இரண்டும் ஒரே அகலம். உண்மையில் கய்போட்டின் கான்வாஸ் 212 செ.மீ. உயரம், 276 செ.மீ. அகலம், ஹாப்பருடையது 84க்கு 152. பரப்பில் நாலரை மடங்கு வித்தியாசம். இரண்டுமே சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. குடை பிடித்து நடக்கும் பாரிஸ் ஜோடி ஏறக்குறைய ஆள் அளவில் எதிரே வருகிறது. ஹாப்பரின் இரவு உணவுக்கடையில் இருக்கும் நால்வரும் சிறிய உருவங்கள். தள்ளி நின்று பார்க்கப்படுபவர்கள்.

இப்போது ஒரு அச்சுப் பிரதியும் ஸ்கேலும் எடுங்கள். கய்போட் படத்தின் நடுவே நிற்கும் பச்சை விளக்குக் கம்பத்தை ஒட்டி ஒரு செங்குத்துக் கோடு. முன்னால் வரும் ஜோடியின் கண்களை ஒட்டி ஒரு படுக்கைக் கோடு. படம் நான்காகப் பிரிந்துவிடும். வலப்பாதி முழுக்க அண்மை: ஒரே குடைக்குள் கைகோத்த இருவர், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு முதுகு காட்டும் ஒருவர். இடப்பாதி முழுக்கத் தொலைவு: ஈரக் கற்கள், வெட்டவெளி, எறும்பளவில் மனிதர்கள், பின்னால் ஆப்பு வடிவக் கட்டடம். அதன் இருபுறத் தெருக்களும் வெவ்வேறு மறைபுள்ளிகளுக்கு, அதாவது இணைகோடுகள் தொலைவில் ஒன்றுகூடுவதுபோல் தெரியும் புள்ளிகளுக்கு, ஓடுகின்றன. சேன் லசார் ரயில் நிலையத்துக்கு அருகே, இன்று ப்ளாஸ் த டப்ளின் எனப்படும் சந்திப்பு அது. அரசு அதிகாரி ஓஸ்மான் பாரிஸின் பழைய தெருக்களை இடித்து அகலப்படுத்தியதன் விளைவான வெளி.

அந்தப் படுக்கைக் கோடுதான் முக்கியம். ஜோடியின் கண்மட்டமே படத்தின் தொடுவானம். பார்க்கிற உங்கள் கண்மட்டமும் அதுவே. அதாவது நீங்களும் அதே நடைபாதையில்தான் இருக்கிறீர்கள். இன்னும் இரண்டு எட்டில் குடை இடிக்கும், நீங்கள் ஒதுங்கியாக வேண்டும். என் கணிப்பில் இது தனிமையின் படமே அல்ல. அந்நியர்கள் ஒருவருக்கொருவர் வழிவிடப் பழகிய ஊரின் படம்.

ஹாப்பரிடம் வாருங்கள். கடைக்குள் போக வழி தேடுங்கள். தெருவிலிருந்து உள்ளே செல்லும் கதவு படத்தில் எங்கும் இல்லை. கவுன்டருக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு கதவு உண்டு. அது உள்ளறைக்குப் போவது. தெருமுனையில் கண்ணாடி வளைந்து திரும்புவதால் உள்ளிருப்பவர்கள் முழுதாகத் தெரிகிறார்கள், ஆனால் எட்ட முடியாது. வெளிச்சத்தையும் கவனியுங்கள். கய்போட்டில் மேகம் மூடிய வானத்தின் ஒளி எல்லோருக்கும் சமமாக விழுகிறது. நிழல் என்று தனியாக எதுவும் இல்லை. ஹாப்பரில் ஒளி உள்ளே மட்டும் பிறந்து, கண்ணாடி வழியே நடைபாதைக்குக் கசிகிறது. விளக்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. எதிர்ச்சாரிக் கடையின் ஜன்னலில் ஒரு கல்லாப்பெட்டி மட்டும். நீங்கள் நிற்பது இருட்டில்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. கய்போட் படத்தின் பழைய பிரதிகளில் வானம் மஞ்சளாக இருக்கும். அது காலம் பழுக்கவைத்த வார்னிஷ். 2014இல் முடிந்த சுத்திகரிப்புக்குப் பிறகு வானத்தில் நீலமும் சாம்பலும் வெளிப்பட்டன. பழைய பிரதியை வைத்து 'சோகமான மஞ்சள்' என்று எழுதிவிடாதீர்கள். இன்னொன்று, அமெரிக்காவை இரண்டாம் உலகப் போருக்குள் இழுத்த பேர்ல் ஹார்பர் தாக்குதல் 1941 டிசம்பரில் நடந்தது, நைட்ஹாக்ஸ் 1942 ஜனவரியில் முடிந்தது என்பதால் படத்தைப் போருக்குள் அடைப்பது. தேதிகள் நெருக்கமானவை; படத்துக்குள் அதற்குச் சான்று இல்லை. பெருநகரின் தனிமையைத் தன்னை அறியாமல் வரைந்திருக்கலாம் என்று ஹாப்பரே பின்னாளில் சொன்னார். அந்தச் சொல்லை அவரிடமிருந்து கடன் வாங்காமல் கதவில்லாத சுவரிலிருந்து நீங்களே கண்டெடுங்கள்.

எழுத உட்காரும் முன் ஒரு வேலை. ஹாப்பர் படத்தின் மேல் மெல்லிய ட்ரேசிங் தாளை வைத்து, கண்ணாடிச் சுவரில் பாதி திறந்த கதவு ஒன்றைப் பென்சிலால் வரையுங்கள். கய்போட் படத்தில் விளக்குக் கம்பத்தைக் காகிதப் பட்டையால் மறையுங்கள். இரண்டிலும் எது குலைகிறதோ அதைப் பற்றி முதல் பத்தி எழுதுங்கள்.