பதின்மூன்று அடித்த கடிகாரம்

கேள்வி: சிறுவயது நினைவுகளைச் சுற்றி எழுதப்பட்ட மிகுபுனைவு நாவல் எதையாவது ரசித்துப் படித்திருக்கிறீர்களா?

பிலிப்பா பியர்ஸ் எழுதிய ‘டாம்ஸ் மிட்நைட் கார்டன்’. 1958இல் வெளிவந்து, சிறுவர் நூல்களுக்கான கார்னகி பதக்கம் பெற்ற ஆங்கில நாவல். சிறுவர் நாவல்தானே என்று நாற்பது வயதுவரை அதைத் தொடாமலே இருந்தேன். அசட்டுத்தனம்.

டாமின் தம்பிக்குத் தட்டம்மை. அது இவனுக்கும் ஒட்டிக்கொள்ளக்கூடாதென்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பழைய பெரிய வீட்டைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தோட்டம் கிடையாது, கொல்லைப்புறத்தில் குப்பைத்தொட்டிகள்தான். தூக்கம் வராத ஓர் இரவில் கூடத்து ஆளுயரக் கடிகாரம் பதின்மூன்று முறை அடிக்கிறது. எழுந்துபோய்ப் பின்கதவைத் திறக்கிறான். அங்கே புல்வெளியும் பூக்களும் பெரிய மரங்களுமாக ஒரு தோட்டம்! விக்டோரியா காலத்துத் தோட்டம் அது. ஹேட்டி என்ற சிறுமி அங்கே இருக்கிறாள். பெற்றோரை இழந்து, உறவுக்காரி வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டே வளர்கிறவள்.

இனி முடிவையும் சொல்லப்போகிறேன். படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என்னைப் பிடித்துக்கொண்டது தோட்டத்தின் காலக்கணக்கு. ஓர் இரவு அங்கே ஒரு மரம் மின்னல் தாக்கி விழுகிறது. டாம் கண்ணாலேயே பார்க்கிறான். அடுத்த முறை போனால் மரம் நின்றுகொண்டிருக்கிறது. ஒருநாள் அவன் உயரம் இருந்த ஹேட்டி, இன்னொரு நாள் இத்தனூண்டுப் பிள்ளையாக அழுதுகொண்டு நிற்கிறாள். இதென்ன குழப்பம் என்று முதலில் எரிச்சல்பட்டேன். பிறகு என் அப்பத்தா நினைவுக்கு வந்தார். கடைசிக் காலத்தில் அவர் ஒரு வாக்கியத்தில் மாட்டை விற்றுவிடுவார். அடுத்த வாக்கியத்தில் அதே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார்.

அந்தத் தோட்டமும் ஒரு கிழவியின் நினைவுதான். மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்காரப் பாட்டி திருமதி பார்த்தலோமியுதான் ஹேட்டி. அவர் ஒவ்வோர் இரவும் தன் சிறுவயதைக் கனவு காண்கிறார். விளையாட ஆளில்லாத டாம் அந்தக் கனவுக்குள் போய்விடுகிறான். மரம் விழுந்தது அவருடைய கல்யாணத்துக்கு முந்தைய இரவில். கனவு அந்தக் கல்யாணத்தை எட்டியதும் தோட்டக்கதவும் அடைபட்டுப்போகிறது.

இன்னொரு இடமும் உண்டு. ஹேட்டி தன் ஸ்கேட்டிங் காலணிகளை அறைத் தரைப்பலகைக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள். டாம் தன் காலத்தில் அதே அறையில் அவற்றைத் தோண்டி எடுக்கிறான். ஒரே ஜோடிக் காலணியை இருவரும் அணிந்து, உறைந்த ஆற்றின்மேல் ஈலி நகரம்வரை சறுக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே தேவாலயக் கோபுரத்தில், கனவுவழியே வந்து சேர்ந்துகொண்ட தம்பி பீட்டர், “இது ஹேட்டி இல்லை, வளர்ந்த பெண்” என்கிறான். டாம் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை! தினமும் பார்க்கும் முகம் வளர்வது யாருக்குத் தெரிகிறது? அவள் பார்வையிலோ டாம் இளைத்து மங்கிக்கொண்டே வருகிறான்.

குறை இல்லாமல் இல்லை. காலம் என்றால் என்ன என்று அந்த வீட்டு மாமா விளக்கும் பக்கங்கள் பாடப்புத்தகம் போல இழுக்கின்றன. தள்ளிவிட்டுப் படித்தாலும் பாதகமில்லை.

பியர்ஸ் வளர்ந்தது கேம்பிரிட்ஜ் அருகே கிரேட் ஷெல்ஃபர்டில், ஆற்றங்கரையிலிருந்த மாவுமில் வீட்டில். அவருடைய அப்பா மில் நடத்தியவர். அந்த வீடு கைவிட்டுப் போகும் சமயத்தில்தான் அந்தத் தோட்டத்தை நாவலுக்குள் வைத்தார். இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை படித்தபோது, விடைபெறும் காட்சியில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைக்க வேண்டியிருந்தது. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த டாம் திரும்ப ஓடிப்போய், ஒரு சிறுமியைக் கட்டிக்கொள்வதுபோல அந்தப் பாட்டியைக் கட்டிக்கொள்கிறான்.

இப்போது என் மகள் படிக்கிறாள். ஸ்கேட்டிங் காலணிவரை வந்திருக்கிறாள். நேற்று, “மாடியில் இருக்கிற அந்தப் பாட்டி எதற்கப்பா கதையில்?” என்று கேட்டாள். நான் காபி ஆறுகிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.