கேமராவின் சின்னச் சின்ன வசதிகள்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: மெனுவைத் திறந்தாலே தலை சுற்றுகிறது சார். இத்தனை வசதியில் எதைத்தான் கற்றுக்கொள்வது?

பதில்: நான் பார்ப்பது ஒன்றுதான். கணினியில் சரிசெய்ய முடியாத தவறை அந்த வசதி எடுக்கும்போதே தடுக்கிறதா? தடுத்தால் கற்றுக்கொள்ளுங்கள். படத்தை ஓவியம் போல ஆக்கும் எஃபெக்ட் எல்லாம் அப்புறம் உட்கார்ந்து செய்துகொள்ளலாம்.

கேள்வி: அண்ணா, வெள்ளைச் சட்டை போட்டவரை வெயிலில் எடுத்தால் துணியின் மடிப்பே தெரியாமல் வெளுத்துவிடுகிறது. திரையில் நன்றாகத்தான் தெரிந்தது.

பதில்: வெயிலில் திரையை நம்பாதீர்கள் தம்பி. ஹைலைட் அலர்ட்டை ஆன் செய்யுங்கள். எடுத்த படத்தைப் பார்க்கும்போது வெளுத்த இடம் மட்டும் கண்சிமிட்டும். தோள்பட்டை முழுக்கச் சிமிட்டினால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 2/3 வைத்து இன்னொன்று எடுங்கள். சட்டைப் பொத்தானிலோ மூக்குக் கண்ணாடியிலோ ஒரு புள்ளி சிமிட்டினால் விட்டுவிடலாம், அது வெளுக்கத்தான் செய்யும்.

இன்னொரு சங்கதி. நீங்கள் ராவில் (RAW, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தாலும் இந்தச் சிமிட்டலும், வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் பொதுவாகக் கேமரா தனக்குள் தயாரிக்கும் ஜேபெக்கை வைத்துத்தான் வருகின்றன. அதனால் லேசாகச் சிமிட்டிய இடத்தில் ராவில் விவரம் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. பதறி அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: வியூஃபைண்டரில் எல்லாமே மங்கல். ஆனால் படம் ஷார்ப்பாக விழுகிறது. சர்வீசுக்குக் கொடுக்கணுமா?

பதில்: வேண்டாம். வியூஃபைண்டர் ஓரத்தில் பொடிச் சக்கரம் ஒன்று இருக்கும், அதுதான் டயாப்டர். பையில் உரசி நகர்ந்திருக்கும். எதிரே உள்ள காட்சியை விட்டுவிட்டு, உள்ளே தெரியும் ஷட்டர், ஐஎஸ்ஓ எண்களைப் பார்த்துக்கொண்டே திருகுங்கள். எண்கள் பளிச்சென்று ஆனதும் நிறுத்துங்கள். இது தெரியாமல் ஒரு காலத்தில் நான் நல்ல லென்ஸ் ஒன்றைப் பழுது என்று ஒரு மாதம் மூலையில் வைத்திருந்தேன்!

கேள்வி: ட்ரைபாடில் வைத்தும் இரவுப் படம் லேசாக ஆடுகிறது. ரிமோட் வாங்கட்டுமா?

பதில்: முதலில் 2 விநாடி செல்ஃப் டைமர் வைத்துப் பாருங்கள். விரல் அழுத்திய அதிர்வு அதற்குள் அடங்கிவிடும். டிஎஸ்எல்ஆர் என்றால், உள்ளே இருக்கும் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி வைக்கும் மிரர் லாக்கப்பும் சேர்த்து. காசு மிச்சம்.

கேள்வி: 30 விநாடி எக்ஸ்போஷர் எடுத்தால், முடிந்த பிறகும் கேமரா அரை நிமிடம் அப்படியே நின்றுவிடுகிறது. பழுதா?

பதில்: லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆனில் இருக்கிறது. ஷட்டரை மூடிக்கொண்டு அதே 30 விநாடிக்கு ஓர் இருட்டுப் படம் எடுத்து, ஒளியைப் பதியும் சென்சாரின் சூட்டில் வந்த புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழிக்கிறது. ஒற்றைப் படத்துக்கு நல்லது. நட்சத்திரங்கள் நகர்வது கோடாக விழும் நட்சத்திரத் தடத்துக்காக வரிசையாக எடுக்கும்போது அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் தடம் விட்டுவிட்டு விழும்.

கேள்வி: சைலண்ட் ஷட்டரில் மேடையை எடுத்தால் கறுப்புப் பட்டைகள் வருகின்றன.

பதில்: பல கேமராக்களில் அந்த மோடில் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுகிறது. எல்இடி விளக்கோ கண்ணுக்குத் தெரியாமல் மின்னி மின்னி எரிகிறது. விளக்கு மங்கும் நொடியில் படிக்கப்பட்ட வரிகள்தான் பட்டை. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். சத்தம் கூடாத இடமென்றால் ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள், பட்டை மங்கும்.

கேள்வி: லெவல் காட்டும் கோடு தொடக்கக்காரர்களுக்குத்தானே? சாய்ந்தால் கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாமே?

பதில்: நிமிர்த்தலாம். நாலு ஓரமும் வெட்டுப்படும், ஓரத்தில் நிற்பவரின் கால் போய்விடும். என் கேமராவில் அது எப்போதும் ஆன்.